அழுத்தம் என்னும் செல்வம்: பிஜாப்பூர் கோபுரங்களும் நம் வீட்டுத் தொட்டிகளும்

கர்நாடகத்தின் விஜயபுரா நகரில், முன்னாள் பிஜாப்பூரில், காவற்கோபுரங்களோ என மயங்கச் செய்யும் சில கட்டுமானங்கள் உண்டு. அவை அடில்ஷாஹி காலத்து நீர்க்கோபுரங்கள். 1651இல் முகம்மது அடில் ஷா அமைத்த பேகம் தலாப் ஏரியிலிருந்து சுடுமண் குழாய்கள் வழியே நகருக்குள் நீர் இறங்கியது. இறங்குந்தோறும் குழாயினுள் அழுத்தம் பெருகும். சுடுமண் அதைத் தாங்காது. எனவே வழியிடையே கோபுரங்களை எழுப்பினர். நீர் உச்சித் தொட்டிக்கு ஏறி, திறந்த வெளியில் அழுத்தம் தணிந்து, வண்டல் படிந்து, மறுகுழாய் வழியே இறங்கியது. இன்றைய அழுத்தங்குறைப்பு வால்வின் பணியை அக்கோபுரம் செய்தது.

அங்கு இழக்கப்பட்ட அழுத்தம், நிலச்சரிவு இலவசமாகத் தந்தது. இன்றைய இந்திய நகரங்களில் இழக்கப்படுவதோ, மின்சாரம் கொடுத்து வாங்கியது.

நாளுக்குச் சில மணி நேரமே நீர் வருவதால் வீடுதோறும் தரையடியில் சம்ப் கட்டப்படுகிறது. தெருக்குழாய் நீர் மிதவை வால்வைக் கடந்து அதில் விழும் கணத்திலேயே அதன் அழுத்தம் முழுதும் அழிகிறது. பின்னர் மோட்டார் அதே நீரை மொட்டைமாடிக்கு ஏற்றுகிறது. 20,000 லிட்டரை 15 மீட்டர் உயர்த்த, 40 விழுக்காட்டுத் திறனுள்ள பம்புக்கு ஏறத்தாழ 2 யூனிட் வேண்டும். ஆண்டுக்கு 700க்கு மேல். உயர்ந்த அடுக்ககங்களில் இவ்வாறு ஏற்றிய நீரின் அழுத்தத்தைக் கீழ்த்தளங்களுக்காக வால்வு வைத்து மீண்டும் குறைக்கின்றனர். ஒரே நீருக்கு இருமுறை இழப்பு.

தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்துவது இதற்கு விடையன்று. அது அண்டை வீட்டாரின் பங்கைப் பறிக்கும். விரிசல்கள் வழியே கழிவுநீரையும் உள்ளிழுக்கும்.

விடை குழாயின் தொடர் அழுத்தத்தில் உள்ளது. மத்திய அரசின் 1999ஆம் ஆண்டுக் குடிநீர் வழங்கல் கையேடு ஒரு தள வீட்டுக்கு 7, இரு தளத்துக்கு 12, மூன்று தளத்துக்கு 17 மீட்டர் அழுத்தத்தை வரையறுத்தது. அது இடையறாது கிடைப்பின் மூன்று தள வீட்டுக்குச் சம்பும் வேண்டா, மோட்டாரும் வேண்டா. ஹுப்பள்ளி-தார்வாடு, பெலகாவி, கலபுரகி நகரங்களின் சில பகுதிகளில் 2008இல் 24 மணி நேர வழங்கல் தொடங்கியது. 2021இல் ஒடிசாவின் புரி நகரம் முழுவதற்கும் அது எட்டியது.

பிஜாப்பூர்க் கொத்தனார் குழாயைக் காக்க அழுத்தத்தைத் துறந்தார். நாமோ, நீர் நாளையும் வரும் என்ற நம்பிக்கை இல்லாததால் அதைத் துறக்கிறோம். வீட்டு மோட்டாரின் மின்கட்டணம், உண்மையில் அந்த நம்பிக்கையின்மைக்கு நாம் செலுத்தும் விலை.