காவிரி டெல்டாவின் அலையாத்திக் காடுகள்

காவிரியின் கிளையாறுகள் கடலைச் சேரும் கழிமுகங்களில் வளரும் உவர்நிலக் காடுகள். பெரியவை இரண்டு: கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடைப்பட்ட பிச்சாவரம், பாமணியாறு, கோரையாறு முதலியவை வந்து கலக்கும் முத்துப்பேட்டை. புயல் அலையும் உயரும் கடல்மட்டமும் டெல்டாவை நெருக்கும் இக்காலத்தில் இவை கரைக்காப்பாகவும் கருதப்படுகின்றன. வெண்கண்டல், சுரபுன்னை, தில்லை ஆகியவை முக்கிய மரங்கள். சிதம்பரம் கோயிலின் தல மரமான தில்லையை இன்று பிச்சாவரத்தில் பார்க்கலாம்.

முத்துப்பேட்டைக் காடு 1853 முதல் 1912 வரை சத்திரம் இலாகாவின் பொறுப்பில் இருந்தது. வழிப்போக்கருக்குச் சோறிட்ட தஞ்சைச் சத்திரங்களின் செலவுக்குக் காட்டு வருவாயும் பயன்பட்டது. பின்னர் இரு காடுகளிலும் கூப்பு முறை வந்தது. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து அடியோடு வெட்டி விற்பது வழக்கம். 1970களில் இது நின்றது.

வெட்டிய இடங்களில் காடு திரும்பவில்லை. சுற்றுவட்டாரத்தார் விறகு வெட்டியதும் மாடு மேய்த்ததுமே காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் செய்த ஆய்வு வேறு விளக்கம் தந்தது. நிழல் இழந்த சேறு வெயிலில் வற்றி அமிழ்ந்து, தரை தொட்டிபோல் குழிந்தது. பெரிய ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கி ஆவியாக, உப்பு ஏறிக்கொண்டே போனது. உமரி மட்டும் பிழைத்தது. மேட்டூர் அணை (1934) முதலான தடுப்புகளால் நன்னீர் வரத்து குறைந்ததும் காரணமே. இரண்டில் எதன் பங்கு பெரிது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

தீர்வும் தரையின் வடிவிலிருந்தே பிறந்தது. இயற்கை ஓடையிலிருந்து ஒரு முதன்மை வாய்க்கால், அதன் இருமருங்கிலும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள்; மேலிருந்து பார்த்தால் மீன்முள் வடிவம். ஓதம் ஏறும்போது நீர் உள்ளே வரும், இறங்கும்போது உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியேறும். உப்பு தணிந்தபின் வாய்க்கால் சரிவில் வெண்கண்டல் கன்றுகள் நடப்பட்டன. நடவைவிட நீரோட்டமே முதல் வேலை என்பது இதன் அடிப்படை. வனத்துறையும் ஊர் மன்றங்களும் சேர்ந்த கூட்டு மேலாண்மையில் இப்பணி நடந்தது. பிச்சாவரத்து இருளர் குடும்பங்களும் இதில் சேர்ந்தன. வலையின்றிச் சேற்றில் கைகளால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் ஓலைப் பறியில் போட்டுக்கொள்ளும் இம்மக்கள் காட்டு ஓடைகளின் ஆழத்தை நுட்பமாக அறிந்தவர்கள்.

இதே காலத்தில் கரையோரம் பரவிய இறால் பண்ணைகளுக்கு எதிராகக் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடும் கட்டுப்பாடு விதித்தது. 2005ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அலையாத்திக்குப் பின்னிருந்த குடியிருப்புகள் குறைவாகவே பாதிக்கப்பட்டன எனப் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் ஆய்வாளர்கள் 2005இல் எழுதினர். கடலிலிருந்து உள்ள தொலைவும் தரையின் உயரமுமே அதை விளக்கப் போதும் என்று அடுத்த ஆண்டே மறுப்பு வெளிவந்தது. பெரும் ஆழிப்பேரலையைப் பற்றிய இந்த வாதம் முடியவில்லை. வழக்கமான அலைகளின் வேகத்தைக் காடு தணிக்கும் என்பதில் பொதுவாக உடன்பாடு உண்டு.

2018 நவம்பரில் கஜா புயல் முத்துப்பேட்டைக் காட்டைப் பெருமளவில் சிதைத்தது. பாமணியாறும் கோரையாறும் அடங்கிய வெண்ணாறு உபவடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2016இல் கடனளித்த திட்டம் ஆற்றுக் கரைகளையும் கடைமடை இயக்கணைகளையும் சீர்செய்வதற்கானது. பிச்சாவரம் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 2023இல் ஒன்றிய அரசு அலையாத்தி வளர்ப்புக்கென ‘மிஷ்டி’ திட்டத்தை அறிவித்தது. மீட்புக்காக வெட்டிய மீன்முள் வாய்க்கால்களில் வண்டல் படிவதால் அவ்வப்போது தூர்வார வேண்டியுள்ளது.