திரும்பி வராத நினைவகம்

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே நெடுஞ்சாலையில் விபத்து நடந்தால், பார்த்தவர்கள் முதலில் அழைப்பது 108. தமிழகத்தில் 2008-ல் தொடங்கிய இந்தச் சேவையில் அழைப்பு சென்னைக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய், அங்கிருந்து அருகிலுள்ள வண்டிக்குத் தகவல் வருகிறது. நடுவில் இருப்பவை கணினிகளும் சர்வர்களும். இப்படிப்பட்ட சர்வர் ஒன்று நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை 1992-ல் லண்டன் கண்டது.

லண்டன் ஆம்புலன்ஸ் சேவைக்கு அப்போது நாளொன்றுக்கு 2,000-க்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்தன. 1992 அக்டோபர் 26-ல் வண்டிகளை அனுப்பும் வேலை முழுவதும் கணினியிடம் ஒப்படைக்கப்பட்டது. மறுநாளே திணறியதால், பாதி வேலையை மனிதர்களே செய்யும் முறைக்குத் திரும்பினார்கள். நவம்பர் 4 அதிகாலை 2 மணிக்குப் பிறகு கணினி மெதுவாகி, அப்படியே உறைந்துவிட்டது. ஊழியர்கள் தங்கள் திரைகளை அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். பலனில்லை. கடைசியில் காகிதமும் தொலைபேசியும்தான் கைகொடுத்தன. அழைப்புகள் குறைவான நேரம் என்பது நல்ல காலம்.

காரணம் என்ன? 1993 பிப்ரவரியில் வெளியான விசாரணை அறிக்கை அதைச் சொன்னது. சுமார் மூன்று வாரங்களுக்கு முன் நிரலில் ஒரு மாற்றம் செய்யப்பட்டிருந்தது. அதன்பின் ஒவ்வொரு முறை வண்டி அனுப்பப்பட்டபோதும் சர்வர் நினைவகத்தில் சிறிது எடுக்கப்பட்டது, திருப்பித் தரப்படவில்லை. சிறுகச் சிறுக மொத்த நினைவகமும் தீர்ந்துபோனது.

ரயில் நிலைய சைக்கிள் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியை எடுத்துப் போன பிறகும் நோட்டில் அந்த இடத்தை அடிக்காமல் விட்டால், சில நாளில் ஸ்டாண்ட் காலியாக இருக்கும், நோட்டோ நிரம்பியிருக்கும். புதிதாக வருபவருக்கு இடமில்லை என்றே பதில் வரும்.

இந்தப் பிழையைப் பிடிப்பது கடினம். ஒரு மணி நேரச் சோதனையில் எல்லாம் சரியாகவே ஓடும். தவறு ஓரிடத்தில் இருக்கும். நினைவகம் கிடைக்காமல் விழுவது வேறொரு பகுதி. திரைகள் உறைவதால் பழி திரைகள் மேல் போகும். எனவே சர்வரைப் பல நாட்கள் ஓடவிட்டு, ஒவ்வொரு கோரிக்கைக்குப் பின்னும் நினைவகம் பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கென்றே கருவிகள் வந்தன. பின்னாளில் நெட்ஃபிளிக்ஸை நிறுவியவர்களில் ஒருவரான ரீட் ஹேஸ்டிங்ஸ் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய ‘பியூரிஃபை’ அவற்றில் ஒன்று. 2002-ல் இலவசமாக ‘வால்கிரைண்ட்’ வந்தது.

லண்டனில் மாற்று சர்வரும் இருந்தது. ஆனால் அது கைகொடுக்குமா என்று யாரும் முழுமையாகச் சோதித்திருக்கவில்லை. கடன் வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தருவது நிரலாளரின் கடமை. அவர் மறந்தால் அதைத் தாங்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று முன்கூட்டியே சோதிப்பது நிர்வாகத்தின் கடமை. சாலையோரம் காத்துக் கிடப்பவரின் உயிர் இந்த இரண்டையும் நம்பித்தான் இருக்கிறது.