அத்துமீறல்

'அத்து' என்றால் எல்லை. அரபியின் 'ஹத்', உருது வழியாகத் தமிழுக்கு வந்து இப்படியானது. எல்லையைத் தாண்டுவது அத்துமீறல்.

இலங்கையின் தலவாக்கலைத் தேயிலைத் தோட்டங்களில் அந்த எல்லையை வகுத்தவர்கள் வெள்ளைத் துரைமார். வெளியார் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குள் கால்வைத்தாலே குற்றம். 'தேசநேசன்', 'தேசபக்தன்' இதழ்களின் ஆசிரியர் கோ. நடேசய்யர் அதனால்தான் துணி வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போனார். புடவை விற்பவருக்குத் திறந்த வழி, எழுதுபவருக்கு அடைபட்டிருந்தது! தொழிலாளரின் நிலையை ஊரறியச் சொன்னதுதான் அவர் செய்த மீறல். 1931இல் அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார்.

சுதந்திர இலங்கையிலும் பத்திரிகையாளர் எதிரியாகவே பார்க்கப்பட்டனர். பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க 2009 ஜனவரி 8இல் கொல்லப்பட்டார். எழுத்துக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அதே ஆண்டு ஜெ. எஸ். திசைநாயகத்துக்கு 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் மன்னிப்பு கிடைத்தது. 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, எது பொய்க் கூற்று என்று முடிவுசெய்யும் அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழுவிடம் தந்திருக்கிறது. ஒரு செய்தியை அத்துமீறல் என்று எவராவது சொன்னால், அந்த எல்லையை வகுத்தவர் யார் என்று முதலில் கேட்க வேண்டும்.