ஞாயிறு மத்தியானத் தவறணை

இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் ஒரு பப்புக்கு வெளியே கரும்பலகை நிற்கும். அதில் 'பாரம்பரிய ஞாயிறு மதிய உணவு' என்று சோக்கட்டியால் எழுதியிருக்கும். உள்ளே போனால் தாழ்வான மரவளை, எரியிற கணப்பு, மேசைக்கு அடியில் ஆரோ ஒருவரின் நாய். பெரிய கோப்பையில் சீவிப்போட்ட மாட்டிறைச்சி, வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே மாவாகவும் இருக்கிற உருளைக்கிழங்கு, கரட், கோவா, ஊதிப்போன கிண்ணம் மாதிரி ஒரு யோர்க்‌ஷயர் புடிங், எல்லாத்துக்கும் மேலே கிரேவி. 12 மணிக்குத் தொடங்கி இறைச்சி முடியுமட்டும் சாப்பாடு. ஒருத்தரும் அவசரப்படமாட்டினம். பார்க்கிறவருக்கு இது 300, 400 வருசமாக இப்படியே நடக்கிற மாதிரித்தான் தெரியும்.

எனக்கு இந்தப் 'பாரம்பரிய' என்ற சொல்லில்தான் சந்தேகம். கோப்பையில் இருக்கிற சாப்பாடு பழசு, அதில் பிழை சொல்ல ஏலாது. ஆனால் அது பப்புக்கு வந்து சேர்ந்த கதை வேறை. அந்த மேசையில் ஆர் இருக்கலாம், ஆர் இருக்கக்கூடாது என்ற கதை அதிலும் வேறை.

முதலில் இறைச்சி. 18ஆம் நூற்றாண்டில் வாட்டின மாட்டிறைச்சி இங்கிலாந்துக்காரரின் தேசியக் கொடி மாதிரி. 1748இல் ஹோகார்த் வரைந்த கலே நகர வாசல் ஓவியத்தில், மெலிந்த பிரெஞ்சுச் சிப்பாய்கள் ஒரு பெரிய இங்கிலிஷ் இறைச்சித் தொடையை வாய்பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிரெஞ்சுக்காரர் பதிலுக்கு இங்கிலாந்துக்காரரை 'ரொஸ்பிஃப்' என்று பட்டம் தெளித்தார்கள். அது இப்பவும் புழக்கத்தில் இருக்கு. அந்தக் காலத்தில் இறைச்சி வெட்டவெளி நெருப்புக்கு முன்னால் கம்பியில் கோத்துச் சுழற்றப்பட்டது. சுழற்றுகிறதுக்கென்றே கட்டைக்கால் நாயினம் ஒன்றை வளர்த்து, சுவரில் பொருத்தின சில்லுக்குள் ஓடவிட்டார்கள். அந்த இனம் அழிந்துபோயிட்டுது. பஞ்சடைத்த ஒரு நாய் மட்டும் வேல்ஸிலுள்ள அபர்கவென்னி அருங்காட்சியகத்தில் இருக்கு, பெயர் விஸ்கி. இறைச்சியிலிருந்து வடிகிற கொழுப்பு வீணாகாமல் கீழே ஒரு தட்டில் மாக்கரைசலை வைத்துப் பிடித்ததுதான் யோர்க்‌ஷயர் புடிங். ஹன்னா கிளாஸ் 1747இல் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் அதன் செய்முறை அந்தப் பெயரிலேயே இருக்கு. பல வீடுகளில் புடிங்கைக் கிரேவியோடு முதலில் கொடுத்துவிடுவார்கள். பிள்ளையளுக்கு வயிறு பாதி நிரம்பினால் இறைச்சி கொஞ்சம் மிஞ்சுமே.

கம்பியும் நாயும் வசதியுள்ள வீட்டுக் கதை. நகரத்து ஏழைச் சனத்தின் வீட்டில் ஒழுங்கான அடுப்பே இல்லை. அவர்கள் ஞாயிறு காலையில் இறைச்சியையும் கிழங்கையும் தட்டில் அடுக்கிப் பேக்கரிக்குக் கொண்டுபோவார்கள். ஞாயிறு பாண் சுடச் சட்டம் விடாது. ஆனால் போறணை சூடாக இருக்கும், சில்லறை கொடுத்தால் சனத்தின் சாப்பாட்டை வேகவைத்துக் கொடுக்கலாம். சேர்ச்சுக்குப் போய்த் திரும்பி வரச் சாப்பாடு தயார். 1830களில் சேர் அன்ட்ரூ அக்னியூ என்ற எம்.பி., ஞாயிறு ஓய்வுநாளைக் கடுமையாக்கும் மசோதாக்களைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். பணக்காரர் வீட்டில் சமையல்காரி வேலை செய்யலாம், ஏழையின் பேக்கரி மட்டும் பூட்டவேண்டும் என்பதுதான் அதன் சாரம் என்று ஒரு இளம் எழுத்தாளருக்குக் கோவம் வந்தது. 1836இல் புனைபெயரில் ஒரு சிறு நூல் எழுதி அடித்தார். அவர்தான் சார்ள்ஸ் டிக்கன்ஸ். 7 வருசத்துக்குப் பிறகு வந்த 'கிறிஸ்மஸ் கரோல்' கதையிலும் அந்தக் கோவம் தணியவில்லை. ஸ்குரூஜ் ஆவியோடு பேசுகிற இடத்தில் பேக்கரியும் ஞாயிறும் வந்துபோகும்.

கவனியுங்கோ, இவ்வளவு நேரமும் பப் வரவேயில்லை. ஞாயிறு சாப்பாடு வீட்டுச் சாப்பாடு. பப் அதற்கு முன்னால் ஆம்பிளையள் போய்வருகிற இடம்.

எங்களிடம் போர்த்துக்கேயர் விட்டுப்போன 'தவறணை' என்ற சொல் இருக்கு. கள்ளுத் தவறணையை நினைத்தால் எப்படி ஒரு ஆம்பிளைக் கூட்டம் கண்ணுக்குள் வருமோ, பழைய பப்பின் பொதுக் கூடமும் ஏறக்குறைய அப்படித்தான். 1930களின் கடைசியில் 'மாஸ் ஒப்சவேஷன்' குழு போல்டன் நகரத்துப் பப்புகளில் மாதக்கணக்காக இருந்து குறிப்பெடுத்தது. 1943இல் புத்தகமாக வந்த அந்த ஆய்வில், மலிவான கூடத்துக்குள் பெண்கள் நுழைவதில்லை என்பது எழுதாத சட்டமாகவே பதிவாகியிருக்கு. ஞாயிறு மத்தியானம் மனிசன் பப்பில், மனிசி குசினியில். அதற்குச் சட்டமும் துணை. முதலாம் உலகப்போரில் வெடிமருந்துத் தொழிற்சாலை ஆட்கள் குடித்துக் கெடுகினம் என்று கொண்டுவந்த நேரக்கட்டுப்பாடு, போர் முடிந்தும் போகவில்லை. 1921 சட்டப்படி ஞாயிறு முழுவதற்கும் 5 மணித்தியாலம்தான், மத்தியானத்தில் 2க்கு மேல் இல்லை. பிறகு நெடுங்காலம் 12 முதல் 2 வரை. 2 மணிக்கு மணியடித்து ஆட்களை வெளியேற்ற, வீட்டில் இறைச்சி இறங்கும். குடும்பத்தின் சாப்பாட்டு நேரத்தையே பப்பின் மணி தீர்மானித்தது.

ஜோர்ஜ் ஓர்வெல் 1946இல் தன் கனவுப் பப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன் மாடியில் இறைச்சியும் இரண்டு மரக்கறியுமாக நல்ல மதியச் சாப்பாடு கிடைக்கும், வாரத்தில் 6 நாள். ஏழாவது நாள் எது என்று அவர் சொல்லவில்லை. ஞாயிறாகத்தான் இருக்கவேணும் என்பது என் ஊகம். இது லண்டன் பப்பைப் பற்றின கற்பனை என்பதும் உண்மைதான். ஆனால் கனவிலேயே கிடைக்காத ஒன்றைப் பாரம்பரியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு எப்ப வந்தது? போர்க்கால இறைச்சிப் பங்கீடு 1954 ஜூலையில்தான் முடிந்தது. அடுத்த வருசமே பேர்னி சகோதரர்கள் பிரிஸ்டலில் மலிவு விலை ஸ்டேக் கடையைத் தொடங்கிச் சனத்தை வெளியே சாப்பிடப் பழக்கினார்கள். பழைய உழவர் உணவு மாதிரிப் பேர்பெற்ற 'பிளவ்மன்ஸ் லஞ்ச்' கூட, அந்தப் பெயரில் பரவினது சீஸ் விற்கிறவர்களின் விளம்பரத்தால்தான். பாணும் சீஸும் பியரும் பழசு, பெயர்தான் புதுசு.

ஆனால் கிராமத்துப் பப்பைக் குசினிப் பக்கம் தள்ளினது, என் கணக்கில், ஒரு ஊதுகுழல். 1967 ஒக்டோபரில் போக்குவரத்து அமைச்சர் பார்பரா காஸில் சாரதிகளின் மூச்சைச் சோதிக்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்தினார். காரில் வந்து நாலு பைன்ட் குடித்துவிட்டுப் போகிறவரை நம்பியிருந்த ஒதுக்குப்புறப் பப்புகளுக்கு அது பெரிய அடி. காஸிலுக்குக் கொலை மிரட்டலும் வந்தது. குடிக்க வராதவனைச் சாப்பிட வரவைக்கவேணும். அவன் தனியே வராமல் மனிசி பிள்ளையளோடு வரவேணும். அதற்குப் பிறகும் பின்னேரத்தில் பூட்டுகிற சட்டம் இருந்தது. 1988இல் ஞாயிறு 3 மணிவரை நீட்டினார்கள். சாப்பாட்டு மேசைக்கென்று சில விலக்குகளும் அந்த நாளில் வந்தன. இடையில் பூட்டாமல் நாள் முழுதும் திறக்க 1995வரை காத்திருக்கவேண்டியிருந்தது. நாலு மணிமட்டும் ஆறுதலாக இருந்து சாப்பிடுகிற அந்தப் 'பழைய' ஞாயிறுக்கு, ஒரு சாதாரண பப்பில், வயது 30 சொச்சம்தான்.

இந்த அழகான படத்தில் இல்லாத ஆட்களும் இருக்கினம். 1960களில் பேர்மிங்ஹாமுக்குப் பக்கத்து ஸ்மெதிக்கில் வார்ப்பாலைகளில் வேலைசெய்த பஞ்சாபிகளுக்குப் பல பப்புகளின் நல்ல அறைகளில் பியர் ஊற்றமாட்டார்கள். அவ்தார் சிங் ஜோல் என்ற தொழிலாளர் தலைவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வேணுமென்றே அந்த அறைகளுக்குள் போய் இருந்தார். 1965 பெப்ரவரி 12இல் அவரோடு அங்கே போனவர் மல்கம் எக்ஸ். அவருக்கும் மறுத்தார்கள். 9 நாளில் நியூயோர்க்கில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். தேநீர்க்கடைப் பிரவேசக் கதைகளைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அந்தக் காட்சி விளங்கக் கஷ்டமில்லை. பொது இடங்களில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் அந்த வருசக் கடைசியில்தான் நடைமுறைக்கு வந்தது. பிறகு அந்தப் பக்கத்துப் பப்புகள் பலதைப் பஞ்சாபிகளே எடுத்து நடத்தினார்கள். அங்கே இண்டைக்கு ஞாயிறு மேசைக்கு வருவது தணலில் வாட்டின மிக்ஸ்ட் கிரில்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் அந்தக் கோப்பை எனக்குப் பிடிக்கும். கம்ப்ரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் கிராமத்தில் 'ஓல்ட் கிரவுண்' பப் விலைக்கு வந்தபோது, நூற்றுக்கு மேற்பட்டோர் ஆளுக்குக் கொஞ்சக் காசு போட்டு 2003இல் கூட்டுறவாக அதை வாங்கினார்கள். அதற்குப் பிறகு பல ஊர்கள் அப்படிச் செய்திருக்கு. இத்தனை நூற்றாண்டாக வீட்டுக் குசினியில் நின்ற பெண்ணும் ஞாயிறு மத்தியானம் மேசையில் இருந்து, ஆரோ சமைத்ததைச் சாப்பிட்டு, கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போகலாம். இப்ப உள்ளே பப்பின் குசினியில் நிற்பவருக்குத்தான் வாரத்திலேயே கூடின வேலை.