மனவழி உளவின் மறைஞானப் பின்னணி
மனவழி உளவு என்பது, கண்ணுக்கு எட்டாத இடத்தை மனத்தால் கண்டு சொல்வதாகக் கூறப்படும் முறை. 1972இல் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் சி.ஐ.ஏ. நிதியுடன் சோதனைகள் தொடங்கின. முன்னோடிகளான இயற்பியலாளர் ஹெரால்டு புதாஃப், ஓவியர் இங்கோ ஸ்வான் இருவருமே அப்போது சயன்டாலஜி என்ற மத இயக்கத்தில் ஈடுபட்டிருந்தவர்கள். ஆன்மா உடலைவிட்டு வெளியே இயங்கும் என்பது அவ்வியக்கத்தின் போதனை. இதற்கும் முன்பே, அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் ஞானதிருஷ்டியால் அணுவின் உள்ளமைப்பைக் கண்டதாக எழுதினர். இங்கே தெரிவது ஒற்றுமையே. நேரடி வழித்தோன்றல் என்று சொல்லிவிட முடியாது. ஸ்வானின் முறையில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் மட்டுமே தரப்படும். மந்திரமோ சடங்கோ இல்லை. அமெரிக்க ராணுவம் இம்முறையைக் கூச்சமின்றி ஏற்க அது உதவியிருக்கலாம். உளவுப் பணிக்குப் பயன்படவில்லை என்ற மதிப்பீட்டையடுத்து, 1995இல் திட்டம் மூடப்பட்டது.