மூக்கை அளந்த கதை



போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. மூக்கையும் நெற்றியையும் பார்த்தே ஒருவர் என்ன சாதி என்று சொல்லிவிடலாமாம். பலர் கைதட்டல் போட்டிருந்தீர்கள். அங்கே பதில் எழுதினால் சண்டையாகும் என்று பேசாமல் இருந்தேன். மனசு கேட்கவில்லை, இங்கே எழுதுகிறேன்.

இது பழைய சரக்கு. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கு அகலமாக ஆக சாதி தாழ்கிறது என்று எழுதியவர். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனும் காலிப்பர் கருவியோடு போய்த் தலையையும் மூக்கையும் அளந்தார். 1909-இல் ரங்காச்சாரியின் துணையோடு ஏழு தொகுதிகளாக அவர் வெளியிட்ட நூலில் அந்த அளவுகள் உள்ளன. (வழக்கங்களைப் பற்றி அதில் உள்ள செய்திகள் இன்றும் பயன்படுகின்றன, அதையும் சொல்ல வேண்டும்.)

அந்தக் கருவியை வைத்தே அந்தக் கொள்கையைக் கவிழ்த்தவர் ஃபிரான்ஸ் போவாஸ். ஜெர்மனியில் பிறந்த யூதர். 1883-இல், 25 வயதில், கனடாவின் வடகோடியில் உள்ள பாஃபின் தீவுக்கு நிலப்படம் வரையப் போனார். இனூயிட் மக்களோடு தங்கி, அவர்கள் உண்டதையே உண்டார். இவர்களைக் கீழாகப் பார்க்க நமக்கு என்ன உரிமை என்ற கேள்வி அங்கேதான் அவருக்கு எழுந்தது.

பிறகு அமெரிக்காவில், ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களும் அவர்கள் பிள்ளைகளுமாக ஏறத்தாழ 18,000 பேரை அளக்கச் செய்தார். அங்கே பிறந்த பிள்ளைகளின் தலை வடிவம் பெற்றோருடையதிலிருந்து மாறியிருந்தது. ஒரே தலைமுறையில்! எவ்வளவு மாற்றம் என்று பின்னால் வந்தவர்கள் வாதிட்டார்கள். ஆனால் தலை அளவை வைத்து அறிவையும் குணத்தையும் சொல்வது அதன்பின் எளிதாக இல்லை. மொழி, வழக்கம், நம்பிக்கை எல்லாம் கூடி வாழ்ந்து கற்பவை. மானுடவியல் பண்பாடு என்பது இதைத்தான். ஒரு மக்களின் வழக்கத்தை அவர்கள் பக்கத்திலிருந்து புரிந்துகொள்ளாமல் நாம் மதிப்பெண் போடக்கூடாது என்பதும் அவர் வழிவந்த பாடம். 1933-இல் நாஜிகள் எரித்த நூல்களில் அவருடையவையும் உண்டு.

அவரையும் சாமியாக்கிவிட வேண்டாம். கிரீன்லாந்திலிருந்து ஓர் இனூயிட்டை அழைத்து வரும்படி அவர் கேட்டிருந்தார். 1897-இல் பியரி ஆறு பேரைக் கப்பலில் ஏற்றி வந்தார். நியூயார்க்கில் நால்வர் இறந்தனர். மினிக் என்ற சிறுவனுக்காக, அவன் தந்தையைப் புதைப்பது போல் ஒரு சடங்கை நடத்திவிட்டு, எலும்புகளை அருங்காட்சியகம் வைத்துக்கொண்டது. அவை ஊர் திரும்பியது 1993-இல்.

என் கணக்கும் ஒன்று பாக்கி இருக்கிறது. மலைவாழ் மக்களைப் பற்றிப் பல வருடம் "நாகரிகம் அடையாதவர்கள்" என்றே வகுப்பில் சொன்னேன். ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "சார், எங்க பாட்டியுமா?" என்றான். உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

தம்பி, இதைப் படித்தால் ஒரு போன் போடு. என் நம்பர் மாறவில்லை.