இரண்டு கால்வாய்கள்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் சென்று, அங்கிருந்து கிழக்கே கடலை நோக்கி நடந்தால் மரக்காணம் வரும். உப்பளங்கள் வெண்மையாய் விரிந்து கிடக்கும் அவ்வூரில்தான், ஆந்திரத்துப் பெத்தகஞ்சாமில் தொடங்கி ஏறத்தாழ 420 கிலோமீட்டர் ஓடிவரும் பக்கிங்ஹாம் கால்வாய் முடிவடைகிறது. பல இடங்களில் இன்று தூர்ந்துபோன அந்நீர்வழியைக் காண்போருள் எத்தனை பேர், அதன் பெயருக்குப் பின்னால் உள்ள பசியை அறிவர்?

1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டிய கொடுமையை நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்றனர். விழுப்புரமும் திண்டிவனமும் அந்நாளில் தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. இப்பஞ்சத்தில் மாண்டோர் 50 இலட்சத்திற்கும் அதிகம் என்பது வரலாற்றாசிரியர் பலரின் மதிப்பீடு.

மழை பொய்த்தது உண்மையே. ஆயின், மழையின்மை மட்டுமா மக்களைக் கொன்றது? சென்னைக் கடற்கரையில் கப்பல்களில் வந்திறங்கிய தானிய மூட்டைகள் மலைபோல் குவிந்து கிடந்தன. அவற்றுக்குக் காவலும் இருந்தது! அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து கோதுமை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாயிற்று. தானியம் இருந்தது, வாங்கக் கையில் காசில்லை. வயல் காய்ந்த அன்றே உழவுக் கூலியாளின் வேலை போயிற்று. சோற்றுக்கே வழியற்ற ஊரில் நெசவாளியின் துணியை வாங்குவார் யார்? விலையோ நாளுக்கு நாள் ஏறியது. பஞ்சம் என்பது உணவின்மை மட்டுமன்று, உணவைப் பெறும் உரிமையின்மை என்று பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981ஆம் ஆண்டில் விளக்கியது இதனைத்தான்.

சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன் அரசின் சார்பில் தானியம் வாங்க முனைந்தபோது, வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்று மேலிடம் கண்டித்தது. 1877 ஜனவரி முதல் நாள் டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் கோலாகலமாய் நடந்தது. அதே மாதத்தில், பஞ்ச வேலை செய்வோருக்குரிய தானியம் நாளொன்றுக்கு ஒன்றரை ராத்தலிலிருந்து ஒரு ராத்தலாகக் குறைக்கப்பட்டது. சர் ரிச்சர்டு டெம்பிள் வகுத்த இவ்வளவு உழைப்பவன் உயிருக்குப் போதாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். அத்தகைய கூலிக்கு மண் சுமந்தோரைக் கொண்டே, 1877–78இல் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. வடக்கும் தெற்கும் ஒரே நீர்வழியாயின. கால்வாய்க்கு ஆளுநரின் பெயர் நிலைத்தது. வெட்டியவர்களின் பெயரைச் சொல்ல எவருமில்லை.

இங்கே மற்றொரு கால்வாய் நம் நினைவுக்கு வருகிறது. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில் அரபகத்தைப் பஞ்சம் பீடித்தது. அதனைச் சாம்பல் ஆண்டு என்பர். மக்கள் உண்ணும்வரை தாமும் நெய் உண்பதில்லை என்று கலீஃபா உமர் (ரலி) உறுதிபூண்டார்கள்; எண்ணெயை உண்டு அவர்களின் மேனி நிறமே மாறிற்று. பசியால் திருடியவனுக்குரிய தண்டனையை நிறுத்திவைத்தார்கள். பின்னர் எகிப்தின் ஆளுநர் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களைக் கொண்டு, நைல் நதியைச் செங்கடலுடன் இணைத்த பழங்கால்வாயைத் தோண்டிச் செப்பனிடச் செய்தார்கள். எகிப்தின் தானியம் அவ்வழியே மதீனாவின் துறைக்கு வந்தது. அதற்கு 'அமீருல் மூமினீன் கால்வாய்' எனப் பெயர் வழங்கிற்று.

இரண்டும் பஞ்சத்தின் பிள்ளைகளே. ஒன்று, பசித்தவனின் உழைப்பை மலிவாய்ப் பெற்று வெட்டப்பட்டது; மற்றொன்று, பசித்தவனிடம் உணவைக் கொண்டு சேர்க்க வெட்டப்பட்டது. முன்னதை ஆண்டோர் கணக்கேட்டுக்கு அஞ்சினர். பின்னதை ஆண்டவர்கள் மறுமைக் கணக்கிற்கு அஞ்சினார்கள்.

வறுமையைத் தலைவிதி என்று கூறி நகர்வது நமக்கு எளிது. ஆனால், செல்வரின் பொருளில் ஏழைக்கு உரிமை உண்டென்று திருமறை அறிவிக்கிறது; விலையேற்றத்துக்காகத் தானியத்தைப் பதுக்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்துள்ளார்கள். வெள்ளையர் ஆட்சியைக் குறைகூறும் நாம், நம் பெட்டகத்தையும் ஒருமுறை திறந்து பார்க்கவேண்டும். ரமளானில் வாசலில் வரிசையாய் நிற்கவைத்துச் சில்லறை வழங்குவது ஜக்காத் ஆகிவிடாது. கணக்கிட்டு, உரியவரைத் தேடிச்சென்று, அவர் மீண்டும் கையேந்தாதவாறு கொடுப்பதே அதன் நோக்கத்தை நிறைவேற்றும்.

நம் வீட்டிலிருந்து அண்டை வீட்டுக்கு வெட்டவேண்டிய கால்வாய் மிகச் சிறியது. அதையேனும் தூர்ந்துபோக விடாதிருப்போமாக!